மீடியா பிளேயருக்குப் புது முகம்: இளையராஜாவை எங்கே தேடுவது?

பாட்டு கேட்க ஸ்ட்ரீமிங் ஆப் ஒன்றே போதும் என்று ஆகிவிட்ட காலம் இது. இந்த நேரத்தில், நம் ஹார்டு டிஸ்க்கில் சேர்த்து வைத்திருக்கும் பாடல்களுக்காக ஒரு பெரிய நிறுவனம் புதிதாக ஒரு பிளேயரைக் கொண்டுவந்தது மகிழ்ச்சியான விஷயம். விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் இருக்கும் ‘மீடியா பிளேயர்’ அப்படி வந்ததுதான். 2021 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் இதை முதலில் சோதனைப் பயனர்களிடம் கொடுத்தது. அடுத்த ஆண்டு மற்றவர்களுக்கும் வந்து சேர்ந்தது. அதுவரை இருந்த ‘க்ரூவ் மியூசிக்’ விலகி இதற்கு வழிவிட்டது. க்ரூவில் இருந்த பாடல் தொகுப்பும் பிளேலிஸ்ட்டுகளும் தாமாகவே இதற்குள் வந்துவிட்டன.

க்ரூவுக்கு ஒரு முன்கதை உண்டு. ஒரு காலத்தில் அதிலேயே சந்தா கட்டி ஸ்ட்ரீமிங்கிலும் பாட்டு கேட்கலாம். 2017 முடிவில் மைக்ரோசாஃப்ட் அந்தச் சேவையை மூடிவிட்டது. அதன் பிறகு அந்த ஆப்புக்கு மிச்சமிருந்த வேலை, கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களை ஒலிக்கவைப்பது மட்டுமே. புதிய மீடியா பிளேயர் அந்த மிச்ச வேலையையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. எதையும் வாங்கச் சொல்லாமல் நம் பாடல்களை நம் முன்னால் அடுக்கி வைக்கிறது. இந்த மாற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

தோற்றத்திலும் குறை சொல்ல அதிகமில்லை. இடது பக்கம் இசை, வீடியோ, பிளேலிஸ்ட், வரிசையில் காத்திருக்கும் பாடல்கள் என்று நாலைந்து தலைப்புகள். கீழே ஒரே பட்டையில் பிளே, பாஸ், வால்யூம் எல்லாம். ஆல்பம் பக்கத்துக்குப் போனால் அட்டைப் படங்கள் சீராக நிற்கின்றன. வேறு வேலை பார்த்துக்கொண்டே பாட்டு கேட்பவர்களுக்கு ‘மினி பிளேயர்’ பெரிய வசதி. சின்னக் கட்டமாகத் திரையின் ஓரத்தில் நிற்கும். மற்ற ஜன்னல்களுக்குப் பின்னால் மறையாது. மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே இயக்குபவர்களையும், ஸ்கிரீன் ரீடர் துணையோடு கம்ப்யூட்டர் பயன்படுத்துபவர்களையும் மனதில் வைத்து வேலை செய்திருக்கிறார்கள். இதை மனதாரப் பாராட்ட வேண்டும்.

சில பழைய வசதிகள் போய்விட்டன. பாட்டுக்கு ஏற்பத் திரையில் வண்ணங்கள் நெளியும் ‘விஷுவலைசேஷன்’ இதில் வரவில்லை. சிடியில் பாட்டு எழுதித் தரும் வேலையும் இல்லை. சிடியிலிருந்து பாட்டை எடுக்கும் வசதிகூட முதலில் இல்லாமல் இருந்து, 2022-இல் அப்டேட் மூலம் வந்தது. சிடி டிரைவே இல்லாத லேப்டாப்கள் நிறைந்துவிட்ட நிலையில் இவற்றைப் பெரிய இழப்பாக நான் நினைக்கவில்லை.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது.

பாடகரா, இசையமைப்பாளரா?

இசைப் பகுதியைத் திறந்தால் மேலே மூன்று வழிகள் தெரியும்: பாடல்கள், ஆல்பங்கள், ஆர்டிஸ்ட்கள். ஒரு குழு அல்லது ஒரு பாடகர், அவர் வெளியிட்ட ஆல்பம், அதற்குள் பாடல்கள் என்று நடக்கும் மேற்கத்திய பாப் இசைக்கு இந்த மூன்றும் தாராளமாகப் போதும். தமிழ்த் திரைப்பாடலைத் தேடுபவர் கேட்கும் முதல் கேள்வி “எந்தப் படம்?”, அடுத்தது “யார் மியூசிக்?”. படத்தின் பெயர் ஆல்பமாகிவிடுவதால் முதல் கேள்விக்கு இங்கே பதில் உண்டு. இரண்டாவது கேள்விக்கு இடமே இல்லை.

‘ஆர்டிஸ்ட்’ பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஃபைலில் எழுதியிருக்கும் பெயரை பிளேயர் அப்படியே எடுத்துக்கொள்ளும். ஒரு ஃபைலில் ‘டிஎம்எஸ்’, இன்னொன்றில் ‘டி.எம்.சௌந்தரராஜன்’, வேறொன்றில் புள்ளி இல்லாமல் ‘டி எம் சௌந்தர்ராஜன்’ என்று இருந்தால் ஒரே மனிதர் மூன்று பேராகிவிடுவார். பி.சுசீலாவோடு பாடிய டூயட்டில் இரண்டு பெயரும் சேர்ந்து நான்காவதாக ஒரு ‘ஆர்டிஸ்ட்’ முளைப்பார். இணையத்திலிருந்து இறக்கிய ஃபைல் என்றால் பாட்டின் பெயரோடு ஏதாவது ஒரு வெப்சைட்டின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். அட்டைப் படத்தின் மேலும் அதே முத்திரை. பழைய பிளேயரில் சின்ன எழுத்தில் கண்ணுக்குத் தப்பிய இந்தக் குப்பையெல்லாம், படங்களைப் பெரிதாகக் காட்டும் புதிய பிளேயரில் பளிச்சென்று தெரிகிறது.

இதற்கு வேர் எங்கே என்று தேடினால் 1996-க்குப் போக வேண்டும். எம்பி3 ஃபைலுக்குள் பாட்டின் விவரத்தை எழுதி வைக்கும் ‘ஐடி3’ என்ற டேக் முறை அப்போதுதான் வந்தது. ஃபைலின் கடைசியில் 128 பைட் இடம். அதில் பாட்டின் பெயருக்கு 30, ஆர்டிஸ்ட்டுக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, பாட்டின் வகைக்கு 1. இசையமைப்பாளருக்கு ஒரு பைட் கூட இல்லை. 1998-இல் வந்த இரண்டாவது வடிவம்தான் இசையமைப்பாளருக்குத் தனி இடம் கொடுத்தது. அதாவது கால் நூற்றாண்டாக ஃபைலுக்குள் இடம் இருக்கிறது. அதைத் திரையில் காட்டுவதா, மறைப்பதா என்பது பிளேயரை வடிவமைப்பவர் கையில்.

பழைய விண்டோஸ் மீடியா பிளேயர் 12-இல் இடது பக்கப் பட்டியலை நம் விருப்பப்படி மாற்றலாம். இசையமைப்பாளர் வாரியாகவும் பாடல்களைப் பிரித்துப் பார்க்கலாம். ஆப்பிளின் ஐடியூன்ஸிலும் பத்தி பத்தியாக வடிகட்டும் இடத்தில் இசையமைப்பாளர் பத்தியைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. பாக், பீத்தோவன் கேட்பவர்களுக்கும் இதே தேவை உண்டு. வாசித்தவரைவிட இயற்றியவர் பெயரில்தான் அவர்களும் தேடுகிறார்கள். ஆகவே இதைத் தமிழர்களுக்கான தனிச் சலுகையாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. புதிய வடிவம் எளிமையாகிறேன் என்று சொல்லி இந்த வழியை அடைத்தது சரியல்ல.

வின்ஆம்ப் படித்த பாடம்

இப்படி நடப்பது இது முதல் முறையும் இல்லை. 1997-இல் வந்த வின்ஆம்ப்பை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. சின்னஞ்சிறு ஜன்னல், ஈக்வலைசர், நினைத்தபடி மாற்றிக்கொள்ள ஸ்கின்கள். இசட், எக்ஸ், சி, வி, பி என்று கீபோர்டின் கீழ் வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் ஐந்து எழுத்துகளே அதன் பட்டன்கள். 2002 ஆகஸ்ட்டில் ‘வின்ஆம்ப்3’ என்ற பெயரில் எல்லாவற்றையும் புதிதாக எழுதிக் கொண்டுவந்தார்கள். பார்க்க அழகு, ஆனால் கம்ப்யூட்டரின் நினைவகத்தை அதிகம் தின்றது, வேகம் குறைந்தது. பழைய ஸ்கின்களும் பிளகின்களும் அதில் சரியாக வேலை செய்யவில்லை. பலர் பேசாமல் வின்ஆம்ப் 2-க்கே திரும்பிப் போனார்கள்.

அதை உருவாக்கிய நல்சாஃப்ட் நிறுவனம் அதன் பிறகு செய்தது புத்திசாலித்தனமானது. 2003 டிசம்பரில் நான்காம் எண்ணைத் தாண்டி நேராக ‘வின்ஆம்ப் 5’ வந்தது. இரண்டும் மூன்றும் சேர்ந்தால் ஐந்து என்பது கணக்கு. பழைய முகம் வேண்டுமானால் பழையது, புதியது வேண்டுமானால் புதியது. இரண்டும் ஒரே மென்பொருளுக்குள். பயனர்கள் திரும்பி வந்தார்கள்.

லினக்ஸில் ‘அமரோக்’ 2008 டிசம்பரில் இரண்டாம் வடிவத்துக்கு மாறியபோதும் அதே மனக்கசப்பு எழுந்தது. அதன் 1.4 பதிப்பை விரும்பியவர்கள் அந்த வழியிலேயே ‘கிளெமென்டைன்’ என்ற தனிப் பிளேயரை 2010-இல் வெளியிட்டார்கள். பிறகு அதிலிருந்து ‘ஸ்ட்ராபெரி’ கிளைத்தது. பல வருடப் பழக்கத்தைக் கேட்காமல் மாற்றினால், முடிந்தவர்கள் தங்களுக்கென்று வேறு செய்துகொள்வார்கள்.

மைக்ரோசாஃப்ட் இந்த விஷயத்தில் கொஞ்சம் நியாயமாகவே நடந்திருக்கிறது. பழைய பிளேயரைத் தூக்கிவிடவில்லை. ‘லெகஸி’ என்ற அடைமொழியோடு விண்டோஸுக்குள்ளேயே வைத்திருக்கிறது, தேடினால் கிடைக்கும். ஆனால் புதியவர்கள் அதைத் தேடப் போவதில்லை. புதிய பிளேயருக்குள்ளேயே இசையமைப்பாளர் பக்கம் வருவதுதான் சரியான தீர்வு.

நாம் செய்யக்கூடியது

அதுவரை நம் கையில் இருக்கும் வேலையைச் செய்வோம். பாடல்களின் டேக்குகளைத் திருத்த ‘எம்பி3டேக்’ போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு படத்தின் எல்லாப் பாடல்களையும் ஒரே தடவையில் மாற்றலாம். வெப்சைட் பெயர்களை அழியுங்கள். ஒரு பாடகருக்கு ஒரே எழுத்துமுறையை வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதலாம், ஐடி3 இரண்டாம் வடிவத்தில் யுனிகோடுக்கு இடமுண்டு. ‘கம்போசர்’ கட்டத்தில் இசையமைப்பாளரை எழுதுவதோடு, ‘ஆல்பம் ஆர்டிஸ்ட்’ கட்டத்திலும் அவர் பெயரையே போடுங்கள். ஆல்பங்களை ஆர்டிஸ்ட் வாரியாக அடுக்கும்போது ‘அன்னக்கிளி’ முதல் எல்லாப் படங்களும் இளையராஜா பெயரில் ஒன்றாக வந்து நிற்கும். டேக் ஃபைலுக்குள்ளேயே இருப்பதால் நாளைக்கு வேறு பிளேயருக்கு மாறினாலும் இந்த உழைப்பு வீணாகாது.

கூடவே இன்னொன்றும் செய்யுங்கள். விண்டோஸில் கருத்துச் சொல்ல ‘ஃபீட்பேக் ஹப்’ என்று ஒரு ஆப் இருக்கிறது. மீடியா பிளேயரில் இசையமைப்பாளர் வாரியாகப் பார்க்கும் வசதி வேண்டும் என்று அதில் இரண்டு வரி எழுதுங்கள். சிடி வசதி பின்னால் வந்து சேர்ந்ததே, இதுவும் வரலாம். ஆனால் கேட்காமல் வராது.