கரும்பு ஏற்றும் டிராக்டர் வண்டிகளில் பாரம் அமைக்கும் முறை

பெண்ணையாற்றையும் கெடிலத்தையும் அடுத்துள்ள அண்ணாகிராமம் வட்டாரத்தில் கரும்பு முக்கியமான பணப்பயிர்களில் ஒன்றாகும். நெல்லிக்குப்பத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதற்கொண்டே சர்க்கரை ஆலை ஏற்பட்டிருப்பதால், வெட்டிய கரும்பை ஆலைக்குக் கொண்டு சேர்ப்பது இப்பகுதிக் குடியானவர்களுக்குப் பரம்பரையாகப் பழகிய வேலையாகும். முன்னர் அவ்வேலையைக் காளைகள் செய்தன. பிற்காலத்தில் அது டிராக்டர்களுக்கும் லாரிகளுக்கும் மாறியது. மாட்டு வண்டி குடைசாய்ந்தால் பெரும்பாலும் அச்சு முறிவதோடும் கரும்பு சிதறுவதோடும் நஷ்டம் நின்றுவிடும். டிராக்டர் கவிழ்ந்தாலோ ஓட்டுபவரின் உயிருக்கே அபாயம் நேரிடும். இத்தகைய விபத்துக்கள் சாலையில் நேர்ந்தாலும், அவற்றில் பலவற்றின் காரணம் வயலில் பாரம் ஏற்றும்பொழுதே அமைந்துவிடுகிறது என்பதை நிலச்சொந்தக்காரர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

முன்பாரமும் பின்பாரமும்

இரண்டு சக்கர டிரெய்லர் என்பது காளைகளுக்குப் பதிலாக டிராக்டர் பூட்டிய கட்டைவண்டியே ஆகும். கட்டைவண்டியில் பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்தி மாட்டை மண்டியிடச் செய்யும். இதையறிந்த வண்டியோட்டி சிறிதளவு முன்பாரம் மட்டும் இருக்கும்படி மூட்டைகளை மாற்றி வைப்பது வழக்கம். அவ்விதியே டிரெய்லருக்கும் பொருந்தும். காளை தன் வேதனையை உடனே காட்டிவிடும், யந்திரம் காட்டாது. வித்தியாசம் அவ்வளவே.

பின்பாரம் மிகுந்த டிரெய்லர் டிராக்டரின் பின்புறத்தை மேலே தூக்கப் பார்க்கும். டிராக்டரின் இழுவையும் பிரேக்கும் சாதாரணமாகப் பின் சக்கரங்களையே நம்பியிருப்பதால், அவை தரைப்பிடிப்பை இழந்தால் வண்டி நிற்பதும் தடைப்படும். டிரெய்லரும் இருபுறமும் ஆடத் தொடங்கும். முன்பாரம் மிகுந்தாலோ, டிராக்டரின் முன் சக்கரங்கள் இலேசாகித் திருப்பிய பக்கம் திரும்பா.

தேவையான அளவைச் சுலபமான கணக்கால் அறியலாம். கொக்கியிலிருந்து அச்சு வரையில் 10 அடி தூரம் என்றும், டிரெய்லரும் கரும்பும் சேர்ந்த மொத்த எடை 4 டன் என்றும் வைத்துக்கொள்வோம். அப்பாரத்தின் மையம் அச்சுக்கு 1 அடி முன்னே விழுந்தால், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 400 கிலோ, கொக்கியின்மேல் இறங்கும். இது ஏற்ற அளவாகும். அதே மையம் அச்சுக்கு 1 அடி பின்னே விழுந்தால், அதே 400 கிலோ கொக்கியை மேல்நோக்கித் தூக்கும். இரண்டு அடி வித்தியாசத்தில் நன்மை தீமையாக மாறுவது கவனிக்கத்தக்கது. கரும்பு இறக்கும்பொழுது முன்பக்கத்தை முதலில் காலி செய்தாலும் இதே நிலைமை ஏற்படும். அச்சமயத்தில் முளையைக் கழற்றினால் ஏர்க்கால் சடக்கென்று மேலே கிளம்பி, அருகில் நிற்பவரைத் தாக்கும்.

நான்கு சக்கர டிரெய்லரின் பாரத்தை அதன் சக்கரங்களே தாங்குவதால், அதில் முன்னும் பின்னும் சமமாக அடுக்குதல் வேண்டும்.

அடுக்கும் விதம்

கரும்பின் அடிப்பாகம் கனமும் நுனி இலேசும் ஆனது. குறுக்காக அடுக்கும்பொழுது அடிகள் யாவும் ஒரே பக்கம் அமைந்தால், வண்டி சாலையில் இறங்குமுன்னரே ஒருபுறம் சாய்ந்திருக்கும். ஆகையால் ஒரு வரிசைக்கு அடியும் மறுவரிசைக்கு நுனியுமாக மாற்றி அடுக்க வேண்டும். உயரமும் அவ்வாறே முக்கியமானது. சக்கரங்களின் இடைவெளி 6 அடியாயின், பாரத்தின் மையம் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் உள்ள வண்டி, கணக்கின்படி, சுமார் 37 பாகை சாயும் வரையில் கவிழாது. மையம் 6 அடிக்கு உயர்ந்தால் சுமார் 27 பாகையிலேயே கவிழும். டயரின் அமுக்கமும் வளைவில் போகும் வேகமும் இவ்வளவுகளை இன்னும் குறைத்துவிடும். அடுக்கி முடித்தபின் கயிறு அல்லது சங்கிலியால் இறுகக் கட்டி, சிறிது தூரம் சென்றதும் மீண்டும் இறுக்குதல் அவசியம்.

கொக்கியும் முளையும்

டிரெய்லரை அதற்கென அமைந்த இழுவைக் கொக்கியில் மட்டுமே பூட்ட வேண்டும். மழைக்குப் பின் ஈரவயலில் சக்கரம் புதைந்தால், சிலர் சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே கட்டி இழுப்பதுண்டு. இது மிகவும் அபாயகரமானது. இழுக்கும் இடம் உயர உயர, முன் சக்கரங்கள் மேலே எழும்பி, ஓரிரு வினாடிகளில் டிராக்டர் ஓட்டுபவர்மேல் மல்லாந்துவிடும். அந்நேரத்தில் பாதிக் கரும்பை இறக்கிவிட்டு வண்டியை வெளியேற்றுவதே விவேகம். தேய்ந்த முளையையும், முளைக்குப் பதிலாக இரும்புக் கம்பியையும் உபயோகிக்கலாகாது. முளை கழலாதபடி பூட்டூசியும், அது கழன்றாலும் டிரெய்லர் தனியே ஓடாதபடி காப்புச் சங்கிலியும் இருக்க வேண்டும்.

பிரேக்கும் வேகமும்

டிராக்டரின் இடது, வலது பிரேக் மிதிகள் உழவுக்காகத் தனித்தனியாக அமைந்தவை. சாலையில் இறங்குமுன் அவ்விரண்டையும் கட்டாயம் ஒன்றாகப் பூட்டிவிட வேண்டும்; இல்லையேல் ஒருபக்கச் சக்கரம் மட்டும் நின்று வண்டி திரும்பிக் கவிழும். பிரேக் இல்லாத டிரெய்லர் டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளும் என்பதை ஓட்டுபவர் மறக்கலாகாது. ஆற்றுப்பாலச் சரிவிலும் ஏரிக்கரை இறக்கத்திலும் ஏறுவதற்குரிய தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும். நடுவில் கிளட்சை மிதிக்கக் கூடாது. வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் சுமார் நான்கு மடங்காகும். டிரெய்லரின்மேலும் கரும்பின்மேலும் ஆட்களை ஏற்றிச் செல்வது கூடவே கூடாது.

இரவும் சட்டமும்

பின்புறத்தில் சிவப்பு விளக்கும், ஒளி படும்போது மின்னும் சிவப்புத் தகடுகளும் தொங்கும் சோகையால் மறையாதிருக்க வேண்டும். பழுதாகி நின்ற வண்டியின் சக்கரத்திற்கு அண்டையாக வைத்த கற்களைச் சாலையிலேயே விட்டுச் செல்வதால், பின்னர் வரும் சைக்கிள்காரர்கள் இரவில் மோதி விழுகின்றனர். புறப்படுமுன் அவற்றை அப்புறப்படுத்துவது வண்டியோட்டியின் கடமையாகும்.

1988-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பதிவுச் சான்றில் கண்ட எடைக்கு மேல் பாரம் ஏற்றலாகாது. 2019-ஆம் வருடத்துத் திருத்தம், மிகைப் பாரத்திற்கு 20,000 ரூபாயும், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. ஒரு நடையில் மீதப்படுவதாகத் தோன்றும் கூலி இதற்கு ஈடாகாது.

கிராம அதிகாரிகள் அரவைப் பருவம் தொடங்குமுன் வண்டிப்பாதைகளைப் பார்வையிட்டு, தாழத் தொங்கும் மின்கம்பிகளையும், இடிந்த வாய்க்கால் பாலங்களையும், கரைந்த சாலையோரங்களையும் உரிய இலாகாக்களுக்குத் தெரிவிப்பது பெரிதும் உபகாரமாகும். நிலச்சொந்தக்காரர்களோ, வண்டி வயலைவிட்டுப் புறப்படுமுன் ஒருமுறை அதைச் சுற்றிவந்து, முன்பாரம், உயரம், கட்டு, முளை, பிரேக், விளக்கு ஆகிய ஆறையும் தாமே பார்த்தபின் அனுப்புவார்களாக. அதற்குப் பிடிக்கும் நேரம் சில நிமிஷங்களே. அதனால் காக்கப்படுவது கூலிக்கு ஓட்டும் ஒருவரின் உயிராகவும் இருக்கலாம்.