கிளேர் தொகுதியின் ஏழை வாக்காளர்கள்

அயர்லாந்துத் தீவின் மேற்குக் கரையில், அட்லாண்டிக் பெருங்கடலின் அலைகள் வந்து மோதும் மாவட்டம் கிளேர். அதன் தலைமை ஊர் என்னிஸ். 1801 முதல் 1885 வரை இம்மாவட்டம் ஒரு பாராளுமன்றத் தொகுதியாக இருந்து, இலண்டனுக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பி வந்தது. அந்தப் பழைய தொகுதி இன்று இல்லை. ஆயினும் கத்தோலிக்க மக்கள் என்றும் மறக்கக்கூடாத ஒரு தேர்தல் 1828-ஆம் ஆண்டு அங்கே நடந்தது. அதை ஒரு பெருந்தலைவரின் வெற்றி என்றே வரலாறு போற்றுகிறது. அவ்வெற்றியைத் தேடித் தந்தவர்கள் யார்? அதற்காக அவர்கள் கொடுத்த விலை என்ன? இதையே இக்கட்டுரையில் காண்போம்.

அக்காலத்தில் அயர்லாந்து மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆனால் நிலமும் அதிகாரமும் பெரும்பாலும் பிராட்டஸ்டண்டு பிரபுக்களின் கையில் இருந்தன. 1793-ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கருக்கு வாக்குரிமை அளித்தது. எனினும் பாராளுமன்றத்தில் அமரும் உரிமையை அளிக்கவில்லை. உறுப்பினராக அமர வேண்டுமானால், திருப்பலியும் தேவமாதாவிடம் மன்றாடுவதும் விக்கிரக ஆராதனை என்று உறுதிமொழி கூற வேண்டும். விசுவாசமுள்ள எந்தக் கத்தோலிக்கர் இதைச் சொல்லத் துணிவார்?

வாக்குரிமையும் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. குத்தகை போக ஆண்டுக்கு 40 ஷில்லிங், அதாவது 2 பவுன், மதிப்புள்ள நிலத்தை ஆயுட்காலக் குத்தகையாகவாவது வைத்திருப்பவர்களே வாக்களிக்கலாம். இவர்களை ‘நாற்பது ஷில்லிங்காரர்’ என்றே அழைத்தனர். இவர்களில் பெரும்பாலோர் எளிய குடியானவர்கள். அன்று இரகசிய வாக்கெடுப்பு கிடையாது. அதிகாரிகளின் முன் நின்று, தம் வாக்கு யாருக்கு என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிலச்சுவான்தாரோ அவருடைய ஆட்களோ அருகில் நின்று கேட்பார்கள். எதிர்த்து வாக்களித்தால் நிலத்தை விட்டே வெளியேற்றப்படலாம். ஆகவே ஆண்டை காட்டியவருக்கே வாக்களிப்பது வழக்கமாயிற்று.

இந்நிலையில்தான் டேனியல் ஓ'கானல் என்னும் கத்தோலிக்க வழக்கறிஞர் மக்களைத் திரட்டினார். 1823-இல் அவர் தோழர்களுடன் கத்தோலிக்கச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் ஒரு பென்னி கொடுத்தால் எந்த ஏழையும் அதில் சேரலாம். 1826-இல் வாட்டர்போர்டு மாவட்டத்துக் குடியானவர்கள், முதன்முறையாகத் தங்கள் ஆண்டைகளின் சொல்லை மீறி வாக்களித்தனர். அடுத்து வந்தது கிளேரின் முறை.

1828-இல் கிளேர் உறுப்பினர் வெசி பிட்ஸ்ஜெரால்டு அமைச்சர் பதவி பெற்றார். அன்றைய சட்டப்படி அவர் மீண்டும் தேர்தலில் நின்றாக வேண்டும். அவர் கெட்டவர் அல்லர். கத்தோலிக்கருக்கு உரிமை வழங்க வேண்டும் என்றவர். ஆனால் அவர் சேர்ந்த அரசோ அதற்கு இணங்கவில்லை. எனவே ஓ'கானல் தாமே அவரை எதிர்த்து நின்றார். கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரத்தான் தடை இருந்ததே தவிர, தேர்தலில் நிற்பதைச் சட்டம் தடுக்கவில்லை!

ஜூலை மாதத் தொடக்கத்தில் குடியானவர்கள் கிராமம் கிராமமாகத் தங்கள் பங்குக் குருக்களுடன் என்னிஸ் நகருக்கு நடந்து வந்தனர். தேர்தல் முடியும்வரை மது அருந்துவதில்லை என்று கட்டுப்பாடு காத்தனர். கலகம் வரும் என்று எதிர்பார்த்த அரசாங்கம் அந்த அமைதியைக் கண்டு திகைத்தது. ஓ'கானலுக்கு 2,057 வாக்குகள், பிட்ஸ்ஜெரால்டுக்கு 982. உள்நாட்டுப் போர் மூளுமோ என்று பிரதமர் வெலிங்டன் அஞ்சினார். 1829 ஏப்ரல் 13 அன்று கத்தோலிக்கர் விடுதலைச் சட்டம் நிறைவேறியது. ஓ'கானல் முதலில் பழைய உறுதிமொழியைக் கூற மறுத்து, மறுபடியும் கிளேரில் போட்டியின்றித் தேர்வு பெற்று, 1830 பிப்ரவரியில் பாராளுமன்றத்தில் அமர்ந்தார்.

ஆனால் அதே ஏப்ரல் 13 அன்று இன்னொரு சட்டமும் நிறைவேறியது. அயர்லாந்தின் மாவட்டத் தொகுதிகளில் வாக்களிக்கத் தேவையான நில மதிப்பை அது 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுனாக, அதாவது ஐந்து மடங்காக, உயர்த்தியது. சுமார் 2,16,000 ஆக இருந்த வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ 37,000 ஆகக் குறைந்தது. விடுதலைச் சட்டம் கைநழுவிப் போகுமோ என்று அஞ்சிய கத்தோலிக்கத் தலைவர்கள் இதைப் பெரிதாக எதிர்க்கவில்லை. செல்வமுள்ள கத்தோலிக்கருக்குப் பாராளுமன்றக் கதவு திறந்தது. அதைத் தட்டித் திறந்த ஏழைக்கோ வாக்குச்சாவடிக் கதவே மூடப்பட்டது.

இழந்த உரிமை மெல்ல மெல்லவே திரும்பியது. 1872-இல் இரகசிய வாக்கெடுப்பு வந்தது. 1884-ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பத் தலைவர்களான ஆண்களுக்கு வாக்களித்தது. 1885-இல் கிளேர் தொகுதி கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிந்தது. 1917-இல் கிழக்குக் கிளேரில் நடந்த இடைத்தேர்தலில் ஈமன் டி வலேரா 5,010 வாக்குகள் பெற்று வென்றார். பின்னாளில் அயர்லாந்தின் குடியரசுத் தலைவரானவர் இவரே. 1918-இல் 30 வயது கடந்த பெண்கள் பலருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆனால் அவ்வாண்டு கிளேரின் இரு தொகுதிகளிலும் போட்டியே இல்லாததால், அவ்வூர்ப் பெண்கள் அதைப் பயன்படுத்த வாய்ப்பு ஏற்படவில்லை. 1922-இல் அயர்லாந்து தனி அரசானபோது இலண்டனுக்கு உறுப்பினரை அனுப்பும் கிளேர் தொகுதிகள் மறைந்தன. அதே ஆண்டின் அரசியல் சட்டம், 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும், ஏழை பணக்காரர் என்ற வேறுபாடின்றி, வாக்குரிமை வழங்கியது.

ஓ'கானல் வென்ற பழைய நீதிமன்றம் இருந்த இடத்தில் இன்று உயர்ந்த தூண் ஒன்றின்மேல் அவருடைய சிலை நிற்கிறது. அந்த 2,057 பேருக்கோ சிலை இல்லை. வீடும் நிலமும் போகலாம் என்று அறிந்தும், ஆண்டையின் கண்ணெதிரே மனச்சாட்சிப்படி வாய்திறந்தவர்கள் அவர்கள். இன்னும் சில ஆண்டுகளில் நாமும் வாக்காளர் ஆவோம். நமக்கு மறைவிடம் உண்டு, யாருக்கும் அஞ்சத் தேவையில்லை. அன்று அவர்களை நினைத்து, பிறர் சொல்லுக்காகவோ பொருளுக்காகவோ அல்லாமல் மனச்சாட்சிக்கே வாக்களிப்போமாக!