சாதத்தைக் குறைச்சாச்சு... சமையலுக்கு எந்த எண்ணெய்? - லோ கார்ப் டயட்டில் இருப்பவர்களுக்கான கொழுப்பு கைடு!

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டியதும் வரும் ஊர் தாமல். பெரிய ஏரியும் நெல் வயல்களும் சூழ்ந்த இந்த ஊரில் கோயில் கொண்டிருப்பவர் தாமோதரப் பெருமாள். ‘தாமம்’ என்றால் கயிறு, ‘உதரம்’ என்றால் வயிறு. வெண்ணெய் திருடியதற்காக யசோதை கயிற்றால் கட்டிப்போட்ட கண்ணனுக்கு வந்த பெயர்தான் தாமோதரன்.

அன்று வெண்ணெய் தின்றதற்குக் கட்டிப்போட்டார்கள். இன்றோ ‘தினமும் வெண்ணெய் சாப்பிடு, சாதத்தை நிறுத்து’ என்கிறது வாட்ஸ்அப். ‘எண்ணெயே தொடாதே’ என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. ‘செக்கு எண்ணெய் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம்’ என்கிறது யூடியூப். இதில் எதைக் கேட்பது?

விளையாட்டாகக் கடந்துபோகிற கேள்வி இல்லை இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13.6 கோடி பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் அது சொன்னது. காலை இட்லி, மதியம் சாதம், இரவு தோசை என்று மூன்று வேளையும் அரிசியைச் சுற்றியே சாப்பிடும் நம் ஊரில், நாள் முழுக்கத் தறியிலோ கடையிலோ கம்ப்யூட்டர் முன்போ உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இந்தக் கவலை இன்னும் அதிகம்.

அதனால்தான் லோ கார்ப், கீட்டோ, பேலியோ என்ற வார்த்தைகள் கிராமத்துக் குடும்பங்கள் வரை வந்துவிட்டன. தமிழில் நியாண்டர் செல்வன் எழுதிய ‘பேலியோ டயட்’ நூலும், அதையொட்டி வளர்ந்த ஃபேஸ்புக் குழுவும் இதில் பெரிய பங்கு வகித்தன. காலையில் 100 பாதாம், வெண்ணெய் டீ என்பதெல்லாம் அந்த அலையில் வந்தவைதான்.

ஏன் கொழுப்பு முக்கியமாகிறது?

நாம் சாப்பிடுவதிலிருந்து சக்தி கிடைப்பது மூன்று வழிகளில்: மாவுச்சத்து, புரதம், கொழுப்பு. மாவுச்சத்திலும் புரதத்திலும் ஒரு கிராமுக்கு 4 கலோரி. கொழுப்பில் ஒரு கிராமுக்கு 9 கலோரி. சாதத்தைக் குறைத்தால் அந்த இடத்தை வேறு ஏதாவது நிரப்பியாக வேண்டும். புரதத்தை ஓரளவுக்குத்தான் கூட்ட முடியும். மீதி கொழுப்பிலிருந்துதான் வரும். எனவே, தட்டில் கொழுப்பு கூடும்போது அது எந்தக் கொழுப்பு என்பது முன்பைவிட முக்கியமாகிறது.

பொதுவாக ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து எடுப்பதை லோ கார்ப் என்கிறார்கள். 50 கிராமுக்கும் கீழே போனால் கீட்டோ. ஒரு கப் சாதத்தில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நாலு இட்லி சாப்பிட்டாலும் ஏறக்குறைய அதே கணக்குதான்.

எல்லோரும் கீட்டோ வரை போகவேண்டியதில்லை. அதே ஆய்வுக் குழு 2022-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, மாவுச்சத்தைச் சுமார் பாதி அளவுக்குக் கொண்டுவந்து, புரதத்தை 20 சதவிகிதம் வரை உயர்த்தி, மீதியைக் கொழுப்பிலிருந்து எடுத்தாலே இந்தியர்களுக்குச் சர்க்கரை விஷயத்தில் நல்ல பலன் எதிர்பார்க்கலாம்.

மூன்று வகை... ஒரே பாட்டில்!

எந்த எண்ணெயை எடுத்தாலும் அதில் மூன்று வகைக் கொழுப்புகள் கலந்தே இருக்கும். எது அதிகம் என்பதில்தான் வித்தியாசம்.

நிறைவுற்ற கொழுப்பு: நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயிலில் அதிகம். அளவு மீறினால் ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்.டி.எல்-லை உயர்த்தும்.

ஒற்றை நிறைவுறா கொழுப்பு: கடலை எண்ணெய், ஆலிவ் எண்ணெய், கடுகு எண்ணெயில் அதிகம். இதயத்துக்கு இதமானது.

பன்மை நிறைவுறா கொழுப்பு: ஒமேகா-6, ஒமேகா-3 இரண்டும் இதில் அடக்கம். சூரியகாந்தி எண்ணெயில் ஒமேகா-6 மிக அதிகம். மீன், ஆளிவிதை, வால்நட்டில் ஒமேகா-3 கிடைக்கும்.

இவை தவிர, நாலாவதாக ஒரு வில்லன் உண்டு. அதுதான் டிரான்ஸ் கொழுப்பு. வனஸ்பதியிலும் அதில் செய்த பிஸ்கட், பஃப்ஸ், இனிப்புகளிலும் ஒளிந்திருக்கும். எண்ணெய், வனஸ்பதி போன்றவற்றில் இது 2 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. உங்கள் வீட்டில் பூஜ்யமாக இருந்தால் இன்னும் நல்லது.

நம்ம ஊர் எண்ணெய்கள்... எதற்கு என்ன மார்க்?

கடலை எண்ணெய்: கிட்டத்தட்ட பாதி ஒற்றை நிறைவுறா கொழுப்பு. காஞ்சிபுரம் வட்டாரத்தில் விளையும் நிலக்கடலையிலிருந்தே கிடைத்துவிடும். பொரியல், குழம்பு, முட்டை, மீன் வறுவல் என எல்லாவற்றுக்கும் பொருந்தும். லோ கார்ப் சமையலுக்கு முதல் எண்ணெயாக இதைத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும்.

நல்லெண்ணெய்: ஒற்றை நிறைவுறா கொழுப்பும் ஒமேகா-6-ம் ஏறக்குறைய சரிபாதி. எள்ளுக்கே உரிய செசமின் போன்ற இயற்கைப் பொருள்கள் இருப்பதால் சீக்கிரம் சிக்கடிக்காது. புளிக்குழம்பு, துவையல், கீரை, இட்லிப்பொடிக்கு ஏற்றது. அதிக நேரம் கொதிக்கவிட்டுப் பொரிக்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெய்: இதில் சுமார் 90 சதவிகிதம் நிறைவுற்ற கொழுப்பு. கீட்டோ உணவில் இதற்குத் தனி மவுசு. ஆனால், 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான ஓர் அலசலில், மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்-லைச் சுமார் 10 புள்ளிகள் உயர்த்துவது தெரிந்தது. நல்ல கொலஸ்ட்ராலையும் சற்று உயர்த்துகிறது என்பது உண்மைதான். ஆனால், அது இதைச் சரிக்கட்டிவிடும் என்று சொல்ல முடியாது. அவியல், கூட்டுக்கு ஒரு ஸ்பூன் போதும்.

நெய், வெண்ணெய்: ஒரு டீஸ்பூன் நெய்யில் 45 கலோரி, சுமார் 3 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. நாளைக்கு ஒன்று, இரண்டு டீஸ்பூன் என்றால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்னையில்லை. 30 கிராம் வெண்ணெய் போட்டு டீ குடித்தால், அந்த ஒரு கிளாஸிலேயே சுமார் 15 கிராம் நிறைவுற்ற கொழுப்பு உள்ளே போய்விடும்.

தவிட்டு எண்ணெய்: மூன்று வகைக் கொழுப்பும் ஓரளவு சமமாக இருக்கும். ஒரைசனால் என்ற பொருள் கூடுதல் பலம். சூடு தாங்கும் என்பதால் எப்போதாவது பொரிப்பதற்கு ஏற்றது.

சூரியகாந்தி எண்ணெய்: ‘விஷம்’ என்று பரப்பப்படும் அளவுக்குக் கெட்டது இல்லை. நிறைவுற்ற கொழுப்பு இதில் குறைவு. ஆனால், ஒமேகா-6 மிக அதிகம் என்பதால் வருடம் முழுக்க இதையே ஊற்றாமல், கடலை எண்ணெயோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். மீண்டும் மீண்டும் சூடாக்க ஏற்றதில்லை.

பாமாயில்: பாதி நிறைவுற்ற கொழுப்பு. ரேஷனில் மலிவாகக் கிடைப்பதால் பல வீடுகளில் இதுதான் பிரதான எண்ணெய். அப்படி இருப்பவர்கள் தேங்காய் எண்ணெயையும் நெய்யையும் அன்றாடம் சேர்க்காமல், மாதத்தில் பாதியாவது கடலை எண்ணெய்க்கு மாறிக்கொள்ளலாம்.

ஆலிவ் எண்ணெய்: நல்லதுதான். ஆனால், விலை கொடுத்து வாங்க முடியவில்லையே என்று ஏங்க வேண்டாம். கடலை எண்ணெய் நமக்கு அந்த வேலையைப் பெருமளவு செய்துவிடும்.

செக்கா... ரீஃபைண்டா?

மரச்செக்கில் மெதுவாக ஆட்டும்போது அதிகச் சூடு ஏறுவதில்லை. அதனால் வாசனையும், வைட்டமின் ஈ போன்ற இயற்கைப் பொருள்களும் கூடுதலாக மிஞ்சும். நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பதும் நம் பழைய பழக்கம்.

அதேசமயம் ஒன்றை மறக்க வேண்டாம். செக்கில் ஆட்டினாலும், ஃபேக்டரியில் எடுத்தாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரிதான். தேங்காய் எண்ணெயின் நிறைவுற்ற கொழுப்பும் செக்கில் ஆட்டுவதால் குறைந்துவிடாது. நம்பகமான இடத்தில் ஆட்டிய எண்ணெயைக் கொஞ்சமாக வாங்கி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, இரண்டு மாதங்களுக்குள் தீர்த்துவிடுங்கள். சிக்கு வாடை வந்தால் விளக்கேற்ற வைத்துக்கொள்ளலாம், சமையலுக்கு வேண்டாம்.

பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி சூடாக்குவதுதான் நிஜமான ஆபத்து. சூடாக்கச் சூடாக்க எண்ணெய் சிதைந்து கேடான பொருள்கள் பெருகும். இவற்றின் அளவு 25 சதவிகிதத்தைத் தாண்டிய எண்ணெயை உணவகங்கள் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. ‘லோ கார்ப்தானே’ என்று கடையில் சிக்கன் 65 வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

அளவு... இதோ ஒரு எளிய கணக்கு

உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் சமையல் எண்ணெய் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் முன்பு தந்த வழிகாட்டி அளவு. மிதமான உழைப்பு என்றால் 5 கிராம் கூடுதல். உங்கள் வீட்டில் நாலு பேர், மாதம் 3 லிட்டர் எண்ணெய் ஆகிறது என்றால், ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 23 கிராம். 5 லிட்டர் ஆகிறதா? ஆளுக்கு 38 கிராம். இந்த மாதம் வாங்கும் எண்ணெய் டின்னில் தேதியை எழுதி ஒட்டுங்கள். எத்தனை நாளில் தீர்கிறது என்பதிலேயே விடை கிடைத்துவிடும்.

இன்னொரு கணக்கு. நிறைவுற்ற கொழுப்பு மொத்த கலோரியில் 10 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இது 22 கிராம். 2 மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே அந்த எல்லை முடிந்துவிடும்.

எண்ணெய்க்கு வெளியேயும் கொழுப்பு உண்டு!

லோ கார்ப் என்றதும் எண்ணெயைக் கூடுதலாக ஊற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். முழு உணவாகச் சாப்பிட்டால் கொழுப்போடு புரதமும் சேர்ந்து வரும்.

* வேர்க்கடலை: 30 கிராமில், அதாவது ஒரு கைப்பிடியில் 7 கிராம் புரதம், 15 கிராம் நல்ல கொழுப்பு. நார்ச்சத்தும் உண்டு. பாதாமுக்கு மலிவான மாற்று.
* முட்டை: ஒன்றில் 6 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு.
* மத்தி, கானாங்கெளுத்தி: விலை குறைவு, ஒமேகா-3 அதிகம். வாரம் இரண்டு முறை குழம்பாக வையுங்கள்.
* எள், ஆளிவிதை: வறுத்துப் பொடித்துக் கீரையிலும் பொரியலிலும் தூவலாம். சைவர்களுக்கு ஒமேகா-3 தருவது ஆளிவிதை.
* பன்னீர், தயிர்: புரதத்துக்கு நல்லது. கொழுப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

100 பாதாம் கதைக்கு வருவோம். அதில் சுமார் 700 கலோரி இருக்கிறது. காலை உணவே அதுதான் என்றால் சரி. இட்லியும் சாப்பிட்டு, ‘உடம்புக்கு நல்லது’ என்று பாதாமும் சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும்.

குடும்பத்தில் நடக்கும் பெரிய தவறு

அப்பாவுக்குச் சர்க்கரை என்று சமையலில் நெய்யும் தேங்காயும் கூடுகின்றன. அப்பா சாதத்தைக் குறைக்கிறார். ஆனால் அம்மாவும் பிள்ளைகளும் அதே நெய்க் குழம்பை வழக்கமான சாதத்தோடு சாப்பிடுகிறார்கள். மாவும் அதிகம், கொழுப்பும் அதிகம். இரண்டும் சேர்ந்தால் எடையும் டிரைகிளிசரைடும் ஏற வாய்ப்பு உண்டு. சமையலைப் பொதுவாகவே அளவான எண்ணெயில் செய்துவிட்டு, அப்பாவின் தட்டில் மட்டும் முட்டையோ, கடலையோ, மீனோ கூடுதலாக வைப்பதே சரி.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியில் மிளகு, சீரகம், சுக்கோடு நெய்யும் சேர்கிறது. கொழுப்பு சேரும்போது செரிமானம் சற்று மெதுவாகும் என்பது சரி. அதற்காக அரிசி மாவு அரிசி மாவு இல்லை என்று ஆகிவிடாது. பிரசாதமாக ஒரு துண்டு சாப்பிடுங்கள், அன்றைய கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

15,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைப் பல வருடங்கள் கவனித்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றும் யோசிக்க வைக்கிறது. மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் இறைச்சி, வெண்ணெய் எனச் சாப்பிட்டவர்களிடம் இறப்பு விகிதம் கூடுதலாகவும், கடலை, கொட்டைகள், பருப்பு எனத் தாவர உணவுகளுக்கு மாறியவர்களிடம் குறைவாகவும் இருந்தது.

ஒரு நாள் மெனு

காலை: கடலை எண்ணெயில் வெங்காயம், தக்காளி சேர்த்த 2 முட்டை ஆம்லெட் அல்லது பன்னீர் பொரியல், ஒரு இட்லி.

முற்பகல்: மோர், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை.

மதியம்: அரை கப் சாதம், நல்லெண்ணெயில் செய்த மீன் குழம்பு அல்லது கெட்டிப் பருப்பு, இரண்டு வகைக் காய், கீரை.

மாலை: சர்க்கரை இல்லாத டீ, சுண்டல் அரை கப்.

இரவு: பன்னீர் அல்லது சிக்கன், காய்கறிக் கூட்டு, தயிர். விரும்பினால் ஒரு சிறிய தோசை.

டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாதவர்கள்

இன்சுலின் போடுபவர்களும், கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் மருந்தளவை மாற்றாமல் சாதத்தைத் திடீரென நிறுத்தினால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரை கலந்த தண்ணீர் குடித்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் கீட்டோ பக்கமே தானாகப் போகக் கூடாது. சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோ அசிடோசிஸ் வரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகப் பிரச்னை, பித்தப்பைக் கல், கணைய அழற்சி உள்ளவர்கள், இதய நோயாளிகள் ஆகியோருக்கும் இது பொருந்தும். மற்றவர்களும் தொடங்கும் முன் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்துகொண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். எல்.டி.எல் ஏறியிருந்தால் முதலில் குறைக்க வேண்டியது நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய்.

அடுத்த முறை மளிகை லிஸ்ட் போடும்போது இப்படி எழுதுங்கள்: கடலை எண்ணெய் 2 லிட்டர், நல்லெண்ணெய் 1 லிட்டர், நெய் 200 கிராம், வேர்க்கடலை 2 கிலோ. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு இது தாராளம்.