வாரன்ட்டி இருந்தும் இன்ஜினுக்குப் பணம் கேட்கிறார்களா?

புது வண்டி வாங்கும்போது கலரைப் பார்க்கிறோம், மைலேஜ் கேட்கிறோம். வாரன்ட்டி புத்தகத்தைப் புரட்டுவதோ இன்ஜின் மக்கர் செய்யும் அன்றுதான். இ.எம்.ஐ முடிவதற்குள் இன்ஜின் செலவும் தலையில் விழுந்தால் மாத பட்ஜெட்டே ஆட்டம் கண்டுவிடும்.

எதற்குக் கிடைக்கும்?

வருடம், கிலோமீட்டர் இரண்டில் எது முதலில் முடிகிறதோ, அதுவரைதான் வாரன்ட்டி. தயாரிப்பிலோ, பாகத்தின் தரத்திலோ உள்ள குறைக்கு மட்டுமே பொருந்தும். மழைநீர் புகுந்து இன்ஜின் பழுதானால் பொதுவாகக் கிடைக்காது. அதற்குக் காப்பீட்டில் 'இன்ஜின் புரொடெக்ட்' தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

ஜாப் கார்டுதான் சாட்சி

'நேரத்துக்கு சர்வீஸ் செய்யவில்லை', 'வெளியே மெக்கானிக்கிடம் பிரித்திருக்கிறீர்கள்' என்பவை மறுப்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். எனவே ஆயில் மாற்றிய பில் உட்பட எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஆயில் விளக்கு எரிந்தாலோ, வெப்பமானி முள் சிவப்புக்குப் போனாலோ வண்டியை உடனே நிறுத்துங்கள். அதற்கு மேலும் ஓட்டினால், பழுதுக்கு நீங்களே காரணம் என்பார்கள்.

சர்வீஸ் சென்டரில் 'ஜெனரல் செக்கப்' என்று எழுத விடாதீர்கள். 'காலையில் வெள்ளைப் புகை வருகிறது', 'ஆயில் குறைகிறது' என்று நீங்கள் சொன்னபடியே, கிலோமீட்டர் அளவுடன் ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். அதே பழுது வாரன்ட்டி முடிந்தபின் திரும்ப வந்தால், அது முன்பே தொடங்கியது என்பதற்கு இந்தத் தாள்தான் ஆதாரம்.

மறுத்தால் என்ன செய்வது?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தயாரிப்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்னை எழுந்த 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை. வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. தேவைப்பட்டால் பழுதை நிபுணர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லியும் கேட்கலாம்.

அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது சாவியை மட்டும் நீட்டிவிட்டு வராதீர்கள். ஜாப் கார்டைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்!