மெட்டடார் வேனில் ஒரு பிளக் பாயிண்ட்

எல்லாம் ஒரு பௌர்ணமி ராத்திரி ஆரம்பிச்சது. பெரியப்பாவோட பழைய மெட்டடார் வேனில் குடும்பமா திருவண்ணாமலைக்குப் போய், அவலூர்பேட்டை ரோட்டுப் பக்கம் ஓரமா நிறுத்திட்டு, கிரிவலம் கிளம்பினோம். 14 கிலோமீட்டர். வழியில் கூட்டத்தில் அம்மா பிரிஞ்சுட்டாங்க. ஃபோன் அடிச்சா ஸ்விட்ச் ஆஃப். ஈசான்ய லிங்கத்துக்கும் வேனுக்கும் நடுவில் ரெண்டு மணி நேரம் தேடினோம். அவங்க ஒரு டீக்கடை பெஞ்சில் நிம்மதியா உட்கார்ந்திருந்தாங்க. "சார்ஜ் போயிடுச்சுப்பா, எங்க போடறது?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி.

"வேன்லயே நாலு பிளக் பாயிண்ட் போட்டுடலாம்"னு பெரியப்பா முடிவு பண்ணினார். கல்யாணத்துக்கு சீரியல் லைட் போடுற ஒருத்தர் வந்து அரை நாளில் முடிச்சுக் கொடுத்தார். பின் சீட்டுக்கு அடியில் ஒரு இன்வெர்ட்டர். முன்னாடி இருக்கிற வண்டி பேட்டரியிலிருந்து அது வரைக்கும் வீட்டுக்குப் போடுற ஒன்னரை ஸ்கொயர் ஒயர். நடுவில் முறுக்கி டேப் சுத்தின ஒரு ஜாயிண்ட். ஃபியூஸ் கிடையாது.

அடுத்த பௌர்ணமிக்கு டேபிள் ஃபேன், லேப்டாப், நாலு ஃபோன், எல்லாம் ஒன்னா ஓடுச்சு. பசங்க பின் சீட்டில் தூங்கிட்டாங்க. ராத்திரி ஒரு மணிக்குக் கருகல் வாசனை. பிளைவுட்டைக் கழட்டிப் பார்த்தா அந்த ஜாயிண்ட் இருந்த இடம் கரியாகி, டேப் உருகி வழிஞ்சிருந்தது. யாருக்கும் ஒன்னும் ஆகல. காலையில் வண்டியும் ஸ்டார்ட் ஆகல, தள்ளித்தான் கிளப்பினோம். அதுக்கப்புறம் ஒரு மாசம் நான் வேற எதையும் படிக்கல. அந்தக் குறிப்புகள்தான் இது.

முதல் கேள்வி: வீட்டில் வருஷக்கணக்கா சூடாகாத அதே ஒயர் வேனில் ஏன் கருகுது?

அன்னைக்கு ஓடினது சுமார் 160 வாட். வீட்டில் 230 வோல்ட்டில் அது 0.7 ஆம்பியர்தான். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்கும்போது, இன்வெர்ட்டரோட நஷ்டத்தையும் சேர்த்தா, 16 ஆம்பியர் கிட்ட வருது. ஒயரில் உண்டாகும் சூடு கரண்டோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். ஒன்னரை ஸ்கொயர் செம்பு ஒயருக்கு கிலோமீட்டருக்கு 12 ஓம் அளவு ரெசிஸ்டன்ஸ். போக 4 மீட்டர், வர 4 மீட்டர், மொத்தம் 8 மீட்டருக்கு 0.1 ஓம்னு வச்சுக்கலாம். கணக்குப் போட்டா அந்த ஒயரில் மட்டும் 25 வாட் சூடா போகுது. 25 வாட்ங்கிறது ரேடியோ ரிப்பேர் கடையில் இருக்கிற சால்டரிங் அயர்ன். அதை நீளமா இழுத்து பசங்க சீட்டுக்குக் கீழே விட்டிருக்கோம். வீட்டு வோல்ட்டேஜில் அதே ஒயர் 0.05 வாட்தான் வீணாக்கியிருக்கும், அதாவது ஐந்நூறில் ஒரு பங்கு. சூடு ஒயர் முழுக்கப் பரவினா கூட ஓரளவு தாங்கும். ஆனா முறுக்கி விட்ட ஜாயிண்ட்டில் ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி, சூடு அங்கேயே குவியும். சூடானா ஜாயிண்ட் இன்னும் தளரும், தளர்ந்தா இன்னும் சூடு.

ஆக தப்பு பிளக் பாயிண்ட்டில் இல்ல. வீட்டுப் பழக்கத்தை அப்படியே 12 வோல்ட் வண்டிக்குள்ள கொண்டு போனதுதான் தப்பு.

இது நம்ம ஊர் பிரச்சினை மட்டும் இல்ல. அமெரிக்காவில் காருக்குப் பின்னாடி மாட்டி இழுக்கிற வீடு மாதிரியான ட்ரெய்லர்கள் உண்டு. ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியோட கிளிப்பர் மாடல் 1936-லேயே வந்தது. அந்த மாதிரிப் பழசை வாங்கிப் புதுப்பிக்கிறவங்களும் இதே இடத்தில்தான் வந்து நிக்கிறாங்க: பல்பு எரிஞ்சா போதும்னு இருந்த காலத்து வண்டியில் லேப்டாப்பும் ஃபோனும் சார்ஜ் ஆகணும். 12 வோல்ட்டைத் தனியாவும், வெளியிலிருந்து வர்ற லைன் கரண்டைத் தனியாவும் ரெண்டு வேற வேற வயரிங்கா வச்சுக்கிறது அவங்க வழக்கம். நானும் அதைத்தான் எடுத்துக்கிட்டேன்.

ஃபோனுக்கு 230 வோல்ட் தேவையே இல்லைங்கிறதுதான் எனக்குக் கிடைச்ச பெரிய ஞானம். பேட்டரியில் 12 இருக்கு. இன்வெர்ட்டர் அதை 230-க்கு ஏத்துது. சார்ஜர் அதை மறுபடி 5-க்கு இறக்குது. மாடிக்கு ஏறி, இறங்கி, பக்கத்து ரூமுக்குப் போற கதை. எங்க இன்வெர்ட்டரில் மீட்டர் வச்சுப் பார்த்தேன். எதுவுமே மாட்டாம சும்மா இருக்கும்போதே 9 வாட் குடிக்குது. ராத்திரி 10 மணி நேரத்துக்கு 90 வாட்-அவர். ஒரு 5000 எம்ஏஎச் ஃபோன் முழுசா ஏற 20 வாட்-அவருக்குள்ளதான். நாலு ஃபோன் சார்ஜை இன்வெர்ட்டர் சும்மாவே தின்னுடுது. அதனால சீட்டுக்கு சீட்டு 12 வோல்ட்டில் நேரா ஓடுற யுஎஸ்பி சாக்கெட். டைப்-சி பிடி வகை ஒன்னு போட்டதில் லேப்டாப்பும் அதிலேயே ஏறிடுது. டேபிள் ஃபேனுக்குப் பதில் 12 வோல்ட் ஃபேன் ரெண்டு. இன்வெர்ட்டரைத் தூக்கி பேட்டரிக்குப் பக்கத்திலேயே வச்சு, கையளவு நீளத்துக்குத் தடிமனான கேபிள். வேணும்னா மட்டும் ஆன்.

கணக்கு இதுதான்: ஆறு ஃபோன் நஷ்டத்தோட 140, ரெண்டு ஃபேன் எட்டு மணி நேரத்துக்கு 320, விளக்கு 50, லேப்டாப் 60. மொத்தம் 570 வாட்-அவர். இதுக்கு வண்டி பேட்டரியைத் தொடவே கூடாது. அது ஸ்டார்ட்டருக்கு ஒரு நொடி பெரிய கரண்ட் கொடுக்கத்தான், ராத்திரி முழுக்க வடிய விட்டா சீக்கிரம் செத்துடும். தனியா 100 ஆம்பியர்-அவர் பேட்டரி வச்சோம். டியூபுலர் விலை குறைவு, ஆனா சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், அதுவும் நாம மூடிட்டுத் தூங்குற வண்டிக்குள்ள. பாதிக்கு மேல வடிய விடவும் கூடாது. அதனால லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட், 1280 வாட்-அவர். ரெண்டு ராத்திரி தாராளம். இதிலும் ஒரு சிக்கல் இருக்கு. பழைய வண்டியோட ஆல்டர்னேட்டரில் நேரா மாட்டினா இந்த பேட்டரி அளவில்லாம இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிடும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் போட்டு, இவ்வளவுதான் எடுக்கலாம்னு கட்டுப்படுத்தணும். அதுதான் எங்க செலவில் யாரும் எதிர்பார்க்காதது.

அடுத்து ஃபியூஸ். அது சாமானைக் காப்பாத்தன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். இல்ல, ஒயரைக் காப்பாத்த. ஷார்ட் ஆனா பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும். அதனால ஃபியூஸ் பேட்டரி முனைக்கு ஒட்டியே இருக்கணும். சாக்கெட் பக்கத்தில் வச்சா நடுவில் இருக்கிற ஒயருக்குக் காவல் இல்ல. இப்ப பின்பக்கத்துக்கு நாலு ஸ்கொயர் ஒயர், 20 ஆம்பியர் ஃபியூஸ், முறுக்குக்குப் பதில் கிரிம்ப் பண்ணின லக். வீட்டு ஸ்விட்ச்சையும் மாத்திட்டேன். ஏசி கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், ஸ்விட்ச்சில் பொறி தானா அணையும். டிசியில் அந்த இடைவெளி கிடையாது. டிசி-க்குன்னே மதிப்பு போட்ட ஸ்விட்ச்தான் வேணும்.

கடைசியா, பயமுறுத்துற விஷயம். சொந்தக்காரங்க வீட்டு வாசலில் நிறுத்தினா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து 230 எடுப்போம். நம்ம மூணு பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமா, தடிமனா இருக்கும். உள்ளே போகும்போது முதலில் தொடணும், வெளியே வரும்போது கடைசியில் விடணும், அதுக்காக. நாம அந்தப் பின்னையே இல்லாம ரெண்டு பின் ஒயரில் வேலையை முடிச்சுடுவோம். வேன் நாலு டயர் மேல நிக்குது, டயர் ரப்பர். ஃபேஸ் எங்கேயாவது உரசி பாடியில் பட்டா கரண்ட் தரைக்குப் போக வழியில்ல, ஃபியூஸும் போகாது, வேன் முழுக்க அப்படியே காத்திருக்கும். மழை ஈரத்தில் வெறுங்காலோட நின்னு கதவைத் தொடுறவங்கதான் அந்த வழி. கிரிவலத்துக்கு எல்லாரும் வெறுங்கால். ட்ரெய்லர்காரங்க இதை 'ஹாட் ஸ்கின்'னு சொல்றாங்க. அதனால மூணு ஒயர் கேபிள், எர்த்தை வண்டி சேஸிஸில் போல்ட் போட்டு இணைப்பு, உள்ளே நுழையுற இடத்திலேயே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. வீட்டு எர்த் உண்மையிலேயே இருக்கான்னு டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான் மாட்டுறது. லைன் கரண்ட்டும் இன்வெர்ட்டரும் எக்காரணம் கொண்டும் சேரக் கூடாது, அதுக்குச் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச். இந்த 230 பகுதியை மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருத்தரைக் கூட வச்சுத்தான் செஞ்சேன். நீங்களும் அப்படியே செய்யுங்க.

போன பௌர்ணமிக்குப் போய் வந்தோம். காலையில் பேட்டரியில் பாதிக்கு மேல மிச்சம். லோடு எல்லாம் ஓடும்போதே சீட்டுக்கு அடியில் கை வச்சுப் பார்த்தேன், ஒயர் வெதுவெதுப்பு கூட இல்ல. பெரியப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். உடனே அடுத்ததுக்குப் போயிட்டார். "தம்பி, ஒரு சின்ன மிக்ஸி ஓடுமாடா?"

500 வாட் மிக்ஸி. 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் கிட்ட. முடியாதுன்னு சொல்லிட்டேன். இப்போதைக்குச் சட்னியை வீட்டிலேயே அரைச்சு எடுத்துட்டு வர்றோம்.