உறவுகளில் உறையும் நினைவு: ஜோன் ஹொப்ஃபீல்டின் அறிவியற் பணி

2024ஆம் ஆண்டின் பௌதிகவியலுக்கான நொபெல் பரிசு ஜோன் ஹொப்ஃபீல்டுக்கும் ஜெஃப்றி ஹின்ரனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. செயற்கை நரம்பு வலைகளுக்கு அடித்தளமிட்டமையே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. இத்தகைய வேளைகளில் அறிவியலின் வரலாறு தனிமனித மேதைகளின் வரலாறாகவே எழுதப்படுவது வழக்கம். ஆயின் ஹொப்ஃபீல்டின் கண்டுபிடிப்பின் உட்பொருளே இந்நோக்கை மறுப்பதாக உள்ளது. அதனை எடுத்துக்காட்டுவதே எமது நோக்கமாகும்.

ஹொப்ஃபீல்ட் 1933இல் சிக்காகோவிற் பிறந்தவர். பெற்றோர் இருவரும் பௌதிகவியலாளர். 1958இல் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, அமெரிக்கத் தொலைபேசி ஏகபோக நிறுவனத்தின் பெல் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். பின்னர் பேர்க்லி, பிறின்ஸ்ரன் ஆகிய பல்கலைக்கழகங்களிற் கற்பித்தார். திண்மப் பொருள்களில் ஒளியின் நடத்தையை ஆராய்ந்துவந்த அவர் படிப்படியாக உயிரியலின்பாற் திரும்பினார். உயிர்க்கலம் புரதங்களை ஆக்கும்போது சக்தியைச் செலவிட்டுத் தன் பிழைகளைத் தானே குறைத்துக்கொள்ளும் முறையை 1974இல் விளக்கினார். பிழையுள்ள தொடக்கத்திலிருந்து சரியான முடிவை அடைவது எவ்வாறு என்னும் இவ்வினாவே வேறொரு வடிவில் மூளை பற்றிய அவரது ஆய்விலும் மீண்டும் எழுவதைக் காணலாம். 1980இல் கலிபோர்னியாத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இரசாயனவியல், உயிரியற் பேராசிரியரானார். இரண்டாண்டுகளின் பின்னர், 1982இல், அவரது புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது.

அக்கட்டுரை கூறுவது யாது? ஒரு பாட்டின் முதலடியைக் கேட்டதும் முழுப்பாட்டும் நினைவில் எழுகின்றது. குறையுடைய ஒரு துண்டு முழுமையை எவ்வாறு மீட்டுத் தருகின்றது?

இதனை விளக்க எமது மண்ணின் உதாரணம் ஒன்றே போதும். வவுனியாவிலிருந்து ஏ-9 வீதிவழியே வடக்கே செல்வோர் புளியங்குளத்தை அடைவர். குளத்தின் பெயராலேயே ஊர்கள் வழங்கும் வன்னிநிலம் அது. அங்கு பெய்யும் மழைநீர், எந்தக் குளத்தின் நீரேந்து பிரதேசத்தில் வீழ்கின்றதோ அந்தக் குளத்தையே சென்றடையும். எவ்விடத்தில் வீழ்ந்தது என்பதன்று, எக்குளத்தின் எல்லைக்குள் வீழ்ந்தது என்பதே முடிவை நிர்ணயிக்கின்றது. ஹொப்ஃபீல்டின் வலையில் ஒவ்வொரு நினைவும் அத்தகைய ஒரு குளம். அரைகுறையான தகவல், மேட்டில் வீழ்ந்த துளி போன்றது. சக்தி குறையும் திசையில் வலை தானே இயங்கி, அண்மையிலுள்ள பள்ளத்தில், அதாவது முழுமையான நினைவில், அமைதி கொள்கின்றது.

இப்பள்ளங்களை அமைப்பவை அலகுகளுக்கிடையிலான இணைப்புகளே. சேர்ந்து இயங்கும் அலகுகளின் இணைப்பு வலுப்பெறும். எந்த ஒரு நினைவும் எந்த ஒரு தனி அலகிலும் இல்லை. அது உறவுகள் அனைத்திலும் பரவிக் கிடக்கின்றது. இதற்கு எல்லையும் உண்டு. நினைவுகளின் தொகை அலகுகளின் தொகையில் ஏறத்தாழ 14 சதவீதத்தை விஞ்சினால், நெருக்கமாகக் கட்டிய குளங்கள் கட்டுடைந்து கலப்பதுபோல, அவை ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

இக்கருத்து வெறுவெளியிற் பிறந்ததன்று. இணைப்புகள் வலுப்பெறுவதே கற்றல் எனும் கருதுகோளை உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1949இல் முன்வைத்தார். ஜப்பானியரான ஷூனிச்சி அமாரி 1972இலேயே இதையொத்த வலைகளை ஆராய்ந்தார். சிறு காந்தங்களென இயங்கும் அணுக்கள் ஒன்றையொன்று பாதிக்கும் முறையைப் பௌதிகவியலாளர் பலர் முன்னரே கணித்திருந்தனர். எமது அயலிலும் முயற்சிகள் இருந்தன. தனி நரம்புக்கலத்தின் துடிப்புகளை நிகழ்தகவு முறையில் ஆராய்ந்த நூலொன்றைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. ஸ்ரீநிவாசன் 1977இல் ஜி. சம்பத்துடன் இணைந்து வெளியிட்டார். புள்ளிவிவரப் பௌதிகவியலின் உயர் விருதான போல்ற்ஸ்மான் பதக்கத்தை 2022இல் ஹொப்ஃபீல்டுடன் பகிர்ந்துகொண்டவர் இந்தியரான தீபக் தார். சிதறிக் கிடந்த இழைகளை ஒன்றிணைத்து, தனி அலகிலிருந்து கூட்டியக்கத்துக்கு வினாவை நகர்த்தியமையே ஹொப்ஃபீல்டின் சாதனை. அளவு மாற்றம் பண்பு மாற்றமாக உருவெடுக்கும் எனும் இயங்கியல் விதிக்கு இது தெளிவான சான்று.

1985இல் ஹின்ரனும் அவர்தம் சகாக்களும் இவ்வலையை விரித்து, தரவுகளிலிருந்து தானே கற்கும் பொறியாக்கினர். ஹொப்ஃபீல்ட் பரிசோதித்த 30 அலகு வலையில் இருந்த இணைப்புகள் 435 மாத்திரமே. 2020இல் வெளிவந்த ஜிபிரி-3 எனும் மொழி மாதிரியின் அளவுருக்கள் 17,500 கோடி. இவ்வளர்ச்சிக்கு மூலப்பொருளாக அமைந்தது யாது? கோடிக்கணக்கான மக்கள் எழுதிவைத்த மொழியே. அச்சமூக உழைப்பின் விளைவோ ஒருசில பெருநிறுவனங்களின் உடைமையாகியுள்ளது. தான் தொடக்கிவைத்த துறையின் இன்றைய போக்குக் குறித்து ஹொப்ஃபீல்டே கவலை தெரிவித்துள்ளமை இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

மீண்டும் புளியங்குளத்தை நோக்குவோம். 1997இல் அவ்வூர் போர்க்களமாயிற்று. இடப்பெயர்வு ஓர் ஊரின் மனிதரை மாத்திரம் சிதறடிப்பதில்லை. எந்த வயலுக்கு எப்போது நீர், குளக்கட்டை யார் எப்போது திருத்துவது என்பன போன்ற அறிவு எந்தத் தனிமனிதரிடமும் முழுமையாக இருப்பதில்லை; அது அவர்களிடையிலான உறவுகளில் வாழ்வது. உறவு அறுந்தால் ஆட்கள் எஞ்சினும் அறிவு எஞ்சாது. சிதறியோர் மீளக் கூடும்போது, அவரவர் கொணரும் துண்டுகளிலிருந்து அது மீண்டும் உருப்பெறவுங்கூடும்.

நினைவு கூட்டுறவின் விளைபொருள் என்பதைப் பௌதிகவியல் தன் மொழியிற் கூறிவிட்டது. அவ்வாறாயின் அதன் பயனும் கூட்டாகவே நுகரப்படல் வேண்டும். குளத்தைக் கட்டியவர் பலராக, மதகின் திறப்பு ஒருவர் கையில் மாத்திரம் இருப்பதை எந்தக் கமக்காரனும் நியாயமென ஏற்கான்.