இன்ஜினுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பரில் மூழ்கியபோது, வீடுகளோடு வாசலில் நின்ற வண்டிகளும் மூழ்கின. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, மறுபடியும் அதே கதை. தண்ணீரில் சும்மா நின்ற வண்டி பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். தண்ணீர் வடிந்த கையோடு அவசரப்பட்டு சாவி போட்ட வண்டிதான் மாட்டிக்கொள்ளும். ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போன தண்ணீரைக் காற்றைப்போல அமுக்க பிஸ்டனால் முடியாது. முட்டுகிற வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கம்ப்ரஷன் அதிகமுள்ள டீசல் இன்ஜினில் அடி இன்னும் பலமாக விழும்.

அப்படி இன்ஜினை இறக்க வேண்டிய நிலைக்கு வரும் வண்டிகளில் குட்டி யானை என்று அழைக்கப்படும் டாடா ஏஸுக்குத் தனி இடம் உண்டு. 2005-இல் வந்தபோது அதில் இருந்தது 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். சக்தி 16 குதிரைத்திறன், சுமை முக்கால் டன். வாங்கிய பலர் அதை அப்படியே ஓட்டுவதில்லை. ஒருவர் பின்னால் டிபன் கடை கட்டுவார், இன்னொருவர் தண்ணீர் டேங்க் வைப்பார், மற்றொருவர் மீனுக்கும் ஐஸ்கிரீமுக்கும் குளிர்பெட்டி ஏற்றுவார். இன்ஜின் போன நாளில் இவர்கள் மெக்கானிக்கிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “அண்ணே, அப்படியே கொஞ்சம் பெரிசா ஒண்ணு போட்டுடலாமா?”

போடுவதற்கு முன் எடை பார்க்க வேண்டும். ஆயிரம் லிட்டர் டேங்க் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். முக்கால் டன் வண்டிக்கு அது தாங்காது, எந்த இன்ஜின் போட்டாலும் தாங்காது. ஸ்பிரிங், ஆக்சில், பிரேக், டயர் எல்லாம் பழைய சுமைக்கு அளந்து செய்தவை. வண்டி வேகமாகக் கிளம்பும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையும் இன்ஜினை மாற்றியதால் ஏறிவிடாது.

அடுத்தது வேலை. மாலையில் ஒரே இடத்தில் நின்று தோசை சுடும் வண்டிக்குப் புதுச் சக்தி எதற்கு? பழைய இன்ஜினையே ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்கைக் கடைந்தால் போதும். குளிர்பெட்டி வண்டியின் கணக்கு வேறு. கம்ப்ரசர் இன்ஜினில் இருந்தே பெல்ட் வழியாகச் சக்தியை இழுக்கும் அமைப்பாக இருந்தால், குரோம்பேட்டை நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்தபடியே அந்தச் சுமையையும் சேர்த்து இன்ஜின் தாங்க வேண்டும். அங்கே ரேடியேட்டரும் ஃபேனும் இன்ஜின் அளவுக்கே முக்கியம்.

மூன்றாவது, இடம். ஏஸில் இன்ஜின் இருப்பது சீட்டுக்கு அடியில். மவுண்டிங், பெல் ஹவுசிங், கிளட்ச் என்று ஒவ்வொன்றும் ஒத்துப்போனால்தான் கியர்பாக்ஸோடு சேரும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு சிக்கல் இன்னும் கூடிவிட்டது. புது இன்ஜின் தனியாக வராது. கண்ட்ரோல் யூனிட், சென்சார், வயரிங் என்று ஒரு குடும்பமே கூட வரும்.

பொருத்தம் பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்துப் பெருங்களத்தூரிலேயே சாட்சி இருக்கிறது. அங்கே ஒருகாலத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1985-இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற சொகுசுக் கார் அங்கிருந்து வெளிவந்தது. உடல் பிரிட்டனின் ரோவர் எஸ்.டி. 1, அந்த ஊரில் அதற்கு 3.5 லிட்டர் வி 8 இன்ஜின்கூட உண்டு. இங்கே உள்ளே போனதோ 1940-களின் ஸ்டாண்டர்ட் வேங்கார்டு வம்சத்து 1,991 சி.சி. இன்ஜின். ஃபெர்குசன் டிராக்டரில் உழுத அதே வம்சம். கார் பார்க்க அழகு. ஆனால் மந்தம், பெட்ரோலும் நிறையக் குடித்தது. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. அந்த நிலத்தில் இன்று அலுவலக வளாகமும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

பழைய இன்ஜின் வாங்க தாம்பரத்துக்காரர்களும் புதுப்பேட்டைக்குத்தான் போகிறார்கள். அங்கே சூடாக ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினைக் காட்டினால், அணைத்துவிட்டு ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்ல வேண்டும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்க, ஆவி குபுகுபுவென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் காபி நிறத்தில் பால்போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பிளாக்கில் அடித்த நம்பர் ராவியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நம்பர் குறித்த பில் கையில் வந்த பிறகே பணம்.

காரணம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. சி.என்.ஜி., மின்சாரம் ஆகியவற்றுக்கு மாற அங்கீகரிக்கப்பட்ட கிட் இருந்தால் வழி உண்டு. மற்றபடி அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜின்தான் வம்பில்லாத வழி. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

வாடகைக்கு ஓடும் வண்டி எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், இன்ஜின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்ற கேள்வி அங்கே எழும். அதனால் பழைய இன்ஜினை இறக்குவதற்கு முன்பே, டி.என். 11 வண்டி என்றால் தாம்பரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிடுவது நல்லது. புது நம்பர் ஆர்.சி.யில் ஏறியதும் நகலை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வெள்ளத்தில் கிளெய்ம் கேட்கும்போது அவர்களும் அந்த நம்பரைத்தான் முதலில் பார்ப்பார்கள்.